நாற்பத்து மூன்று செவ்வந்திகள்

செவ்வந்தி பிறந்தது சித்தேரி மலைப்பாதையில், டவர் வளைவில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அந்தப் பெயரில் ஒரு வளைவை எந்த வரைபடத்திலும் காண முடியாது. எங்கள் பள்ளி இருக்கும் மலைமடிப்புக்குள் செல்போன் சிக்னல் நுழையாது. பேருந்து கீழே இறங்கி அந்த வளைவைத் தொட்டதும் எல்லார் பையிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். ஓட்டுநர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, தன் போனையும் எடுப்பார். ஐந்து நிமிடம். யாரும் அறிவிக்காத, யாரும் தவறவிடாத நிறுத்தம் அது.

அன்று என் போனில் திறந்தது ஒரு வெள்ளைக் கட்டம். ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சியின் கடைசிக் கேள்வி. "இப்பயிற்சியினால் உங்கள் வகுப்பறையில் நிகழ்ந்த மாற்றம் ஒன்றை இருநூறு சொற்களுக்குக் குறையாமல் விவரிக்கவும்." அன்றுதான் கடைசி நாள். பயிற்சியின் கடைசிக் காணொளியை நான் பார்த்து முடித்ததே அன்று காலையில், இதே வளைவில். மாற்றம் நிகழ ஒரே ஒரு பகல்தான் இருந்தது. அந்தப் பகலில் நான் செய்த பெரிய காரியம், சத்துணவுக்கு வந்த முட்டைகளில் உடைந்ததைப் பொறுக்கி ஓரமாக வைத்தது.

"ஆச்சுங்களா டீச்சர்?" என்று ஓட்டுநர் அண்ணன் திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் யோசனை மின்னியது. மாற்றம் இல்லாவிட்டால் என்ன, மாறுவதற்கு ஒரு பிள்ளையை நானே உண்டாக்கினால் போயிற்று!

"ரெண்டே நிமிஷம்ணா" என்றேன். கட்டைவிரல்கள் பறந்தன.

எங்கள் மலையில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் செவ்வந்தி ஓராண்டாக வகுப்பில் வாய் திறந்ததே இல்லை என்று எழுதினேன். அவள் வீட்டில் விளைந்த சாமையை வகுப்புக்குக் கொண்டுவரச் செய்து, அதைப் பங்கிட்டுப் பின்னம் கற்பித்தேன் என்று எழுதினேன். அன்று செவ்வந்தி முதல்முறையாக எழுந்து நின்று, "டீச்சர், இது நாலில் ஒரு பங்கு" என்றாளாம். "மலைக்காற்று ஒரு கணம் நின்றது" என்று முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்தினேன். பேருந்து நகர்ந்தது.

இந்த ஆண்டு புதிதாகப் பணியாணை வாங்கிச் சேரும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்களிடம்தான் வழக்கமாகக் கேட்பார்கள். அவர்களுக்குத் தாங்கள் சரியாகச் செய்ததெல்லாம் நன்றாக நினைவிருக்கும். எனக்கு இது ஐந்தாவது ஆண்டு. செய்த தப்புக்கு இன்னும் சூடு ஆறவில்லை. அதனால் அதைப் பரிமாறுகிறேன்.

முதலில், அந்த நேரத்தில் என் கழுத்தில் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிட வேண்டும். பணியாணை கையில் வந்துவிட்டால் ஆசிரியர் ஆகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். இரண்டு ஆண்டு தகுதிகாண் பருவம் இருக்கிறது. அதை முடித்ததாக ஆணை வந்தால்தான் வேலை நமது. அதற்குள் நம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், பி.எட்., தகுதித் தேர்வு என்று ஒவ்வொரு சான்றிதழையும் அது பிறந்த இடத்துக்கே அனுப்பி, "இது உங்கள் பிள்ளைதானா?" என்று கேட்பார்கள். அதற்கு உண்மைத்தன்மைச் சான்று என்று பெயர். காகிதம் முடிந்ததும் ஆளைச் சரிபார்க்கக் காவல் நிலையத்திலிருந்து வருவார்கள்.

எங்கள் வீடு இண்டூர்ப் பக்கம். அப்பா அம்மா கோவில் திருவிழா வேலையாகப் போயிருந்த நாளில் காவலர் வந்தார். பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்காவிடம் விசாரித்தார்.

"இந்தப் பொண்ணு எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ள, எத்தினி வருசமாத் தெரியும்?"

"பொறந்ததுல இருந்து தெரியுங்க சார். தங்கமான புள்ள. ஏழாவது படிக்கறப்ப எங்க கொய்யா மரத்துல ஏறிக் கெளைய ஒடிச்சுப்புட்டா. அதையும் எழுதிக்குங்க."

"அதெல்லாம் வேணாங்கம்மா."

"இல்லைங்க சார், கவர்மென்ட் காயிதம். நாளைக்கு நான் மறைச்சேன்னு ஆயிரக் கூடாது."

காவலர் சிரித்துக்கொண்டே நன்னடத்தை என்று எழுதிக்கொண்டு போனார். ஒரு கொய்யாக் கிளையைக்கூட மறைக்காத ஊரிலிருந்துதான் நான் மலைக்குப் போனேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, என் கோப்பில் எல்லாம் சேர்ந்துவிட்டது. பாக்கி இருந்தது இந்தப் பயிற்சிச் சான்று ஒன்றுதான். செவ்வந்தி அதை வாங்கித் தரப்போகிறாள். அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் எனக்குச் சும்மா இருக்க வராது. எங்கள் மாவட்டத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் "யாராவது கடைசிக் கேள்விக்கு எழுதிட்டீங்களா? அவசரம்" என்று பத்துப் பேர் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். பேருந்து அரூரைத் தொடுவதற்குள் நான் எழுதியதை அப்படியே போட்டேன். மேலே ஒரு வரி: "மாதிரிக்கு மட்டும்."

மாதிரிக்கு மட்டும் என்றால் நம் தொழிலில் என்ன பொருள் என்று உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. "சூப்பர் டீச்சர்", "கண்ணுல தண்ணி வந்துருச்சு". அன்று இரவு நான் கர்வத்தோடு தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, டவர் வளைவில் என் போன் அடித்தது. பயிற்சி நிறுவனத்திலிருந்து விரிவுரையாளர். நாங்கள் எழுதியவற்றையெல்லாம் மதிப்பிடும் பொறுப்பு அவருடையது.

"உங்க செவ்வந்தியப் படிச்சேன் டீச்சர். படிச்சுட்டு எங்க முதல்வர்கிட்டயும் காமிச்சேன். மாவட்டத்துக்கே மாதிரியா வெக்கலாங்கறாங்க. திங்கக்கிழமை நான் மேல வர்றேன். அந்தப் பொண்ணோட ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாம், சரிங்களா?"

"சரிங்க மேடம்" என்று என் வாய் சொன்னது. மலைக்காற்று இந்த முறை நிஜமாகவே நின்றது.

குழுவில் விஷயத்தைப் போட்டேன். அப்போதுதான் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். "டீச்சர், நானும் அதையேதான் போட்டேன்." "நானுங்க." "என்னுதும் செவ்வந்திதான்." எண்ணிப் பார்த்தால், என்னோடு சேர்த்து நாற்பத்து மூன்று பேர். தருமபுரி டவுனில் வேலை பார்க்கும் ஒருவர் "எங்கள் மலையில்" என்ற சொல்லைக்கூட மாற்றவில்லை. ஆண்கள் மட்டும் படிக்கும் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் பெரிய மனது பண்ணி அவளைச் செவ்வந்தியப்பன் ஆக்கியிருந்தார். ஒரு தமிழாசிரியர் என் ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டுக் காப்பியடித்திருந்தார். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

குழுவில் மூத்தவர், எல்லாருக்கும் வழி சொல்லும் கணக்கு சார், எனக்குப் போன் செய்தார். "இதுல என்னம்மா இருக்குது? இருக்கற புள்ளைங்கள்ல ஒன்னைச் செவ்வந்தின்னு நிக்க வெச்சுரு. ஒரு நாளு கூத்து. அந்த மேடம் போட்டோ புடிச்சுட்டுப் போயிருவாங்க."

"மத்த நாப்பத்திரண்டையும் அவங்க படிச்சிருந்தா சார்?"

"யாரும்மா படிக்கறாங்க? நீ வேற."

எங்கள் தலைமையாசிரியர் அதிகம் பேசாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "நம்மகிட்ட இருக்கறதே இருபத்தெட்டு புள்ளைங்க. அஞ்சாவதுல ரெண்டே ரெண்டு பொண்ணுங்க. எதைச் செவ்வந்தியாக்கப் போறீங்களோ ஆக்கிக்குங்க டீச்சர். பதிவேட்டுல மட்டும் கைய வெக்காதீங்க." அவ்வளவுதான். எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

ஐந்தாம் வகுப்பின் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு அந்த வாரம் காய்ச்சல். மிச்சமிருந்தவள் ரம்யா. ரம்யா தூக்கத்தில் மட்டும் பேசமாட்டாள் என்று நினைத்தேன். இல்லை, அதிலும் பேசுவாளாம். அவள் அம்மா சொன்னது.

வெள்ளிக்கிழமை மதியம் அவளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து விளக்கினேன். ஒரு மேடம் வருவார்கள், நீ செவ்வந்தி என்று ஒரு பெண் மாதிரி நடிக்க வேண்டும், நாடகம் மாதிரி. ரம்யாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அவள் நல்ல நடிகை. பாத்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் ஒப்புக்கொள்ளவில்லை.

"செவ்வந்தி எந்த ஊரு டீச்சர்?"

"நம்ம மலைதான்."

"மலையில எந்த ஊரு?"

"ஏதோ ஒரு ஊரு."

"யாரு வூட்டுப் புள்ள?"

நான் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"எத்தினி நாளாப் பேசாம இருந்துச்சு?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருசமாவா!" ரம்யா எழுந்தே விட்டாள். "அதுங்கம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா? நீங்களாச்சும் அது வூட்டுக்குப் போயி என்னன்னு கேட்டீங்களா டீச்சர்?"

ஆரோக்கியம் அக்காவிடம் காவலர் கேட்ட அதே கேள்விகள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எத்தனை நாளாக. என்னைப் பற்றி அரசாங்கம் அத்தனை இடத்தில் விசாரித்தது. நான் உண்டாக்கிய பிள்ளையால் ஒரு கேள்வியில்கூடத் தேற முடியவில்லை. அதைவிட, ஒரு வருஷம் பேசாத பிள்ளையின் வீட்டுப் பக்கமே போகாத ஒரு டீச்சராக என்னை நானே எழுதி, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருந்தேன்.

ரம்யா இன்னும் முடிக்கவில்லை. "நான் நடிக்கறேன் டீச்சர். ஆனா நான் பேசவே மாட்டேன்னு சொன்னா அந்த மேடம் நம்ப மாட்டாங்க."

"ஏன்டி?"

"ரெண்டு வருசமா என் ரிப்போர்ட் கார்டுல 'அதிகம் பேசுகிறாள்'னு நீங்கதானே எழுதிருக்கீங்க. கையெழுத்தும் போட்டுருக்கீங்க."

நாடகம் ரத்து என்றேன். அவளுக்கு வருத்தம். எனக்குச் சனி ஞாயிறு முழுக்க ஒரே கணக்கு. உண்மையைச் சொன்னால் மெமோ வரலாம். தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்படலாம். நாற்பத்திரண்டு பேர் என்னைத் திட்டுவார்கள். பொய்யைத் தொடர்ந்தால் ரம்யாவுக்கு நான் கற்றுக்கொடுத்த பாடங்களிலேயே அதுதான் அவளுக்கு ஆயுசுக்கும் நினைவிருக்கும். கணக்கு சார் ஞாயிறு மாலை மீண்டும் அழைத்தார். "புள்ள ரெடியா?" நான் "வெச்சுடறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதை வைக்கப்போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை.

திங்கள் காலை அரூர் பேருந்து நிலையத்தில் விரிவுரையாளர் மேடம் ஒரு எலுமிச்சம்பழத்தோடு நின்றிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். மலைப்பாதை அவருக்கு ஆகாது. முதல் வளைவிலேயே பழம் மூக்குக்குப் போய்விட்டது. பேசும் நிலையில் அவர் இல்லை. பேசும் தைரியத்தில் நானும் இல்லை.

டவர் வளைவு வந்தது. மேலே போகும்போது கடைசி சிக்னல் அங்கேதான்; எல்லார் போனும் வெளியே வந்தது. எஞ்சின் அணைந்தது. மேடம் ஜன்னலில் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கினார். ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. பள்ளிக்குப் போய்விட்டால் பிள்ளைகள் முன்னால் சொல்ல முடியாது.

"மேடம், செவ்வந்தின்னு யாரும் இல்லைங்க. இந்த வளைவுல உக்காந்து நானே எழுதுனது."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் பழத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"தெரியும் டீச்சர். சனிக்கிழமை தெரிஞ்சது."

"எப்படிங்க மேடம்?"

"இன்னும் ரெண்டு நல்லதா அனுப்புங்கன்னு முதல்வர் கேட்டாங்க. அடுத்ததத் தொறந்தேன், செவ்வந்தி. அதுக்கடுத்ததும் செவ்வந்தி. அப்பறம் ஒரு செவ்வந்தியப்பன்."

"அப்ப... மொதல்லயே படிக்கலைங்களா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. மேடம் வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்தார். "பட்டியல்ல மொதல்ல இருந்தது உங்களோடது. அத மட்டுந்தான் படிச்சேன். எனக்குக் குடுத்தது முன்னூத்திச் சொச்சம், நாலு நாள்ல முடிக்கணும். மத்த எல்லாத்துக்கும் 'மிக நன்று' போட்டுட்டேன். நீங்க இல்லாத புள்ளையப் பத்தி எழுதினீங்க. நான் படிக்காததுக்கு மார்க் போட்டேன். உங்கள நேர்ல கேக்கலாம்னுதான் கெளம்பினேன். ஆனா இதுல யாரு யாரைக் கேக்கறது? வழியெல்லாம் அதத்தான் யோசிச்சுட்டு வந்தேன். கொமட்டல்கூட அதனாலதானோ என்னவோ."

ஓட்டுநர் அண்ணன் திரும்பினார். "ரெண்டு பேரும் ஆச்சுங்களா?"

"ஆச்சுங்கண்ணா" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம். பிறகு எதற்கு என்று தெரியாமல் சிரித்தோம். அழவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்கிறது.

"மேடம், நான் எழுதின பாடத்த இதுவரைக்கும் நடத்திப் பாத்ததே இல்லைங்க. வந்ததும் வந்துட்டீங்க. இன்னைக்கு நடத்தட்டுங்களா?"

"இன்னைக்கேவா?"

"சாமை வழியிலயே வாங்கிக்கலாங்க."

அப்படித்தான் அன்று ஐந்தாம் வகுப்பின் நடுவில் ஒரு வள்ளம் சாமை வந்து உட்கார்ந்தது. எங்கள் பக்கத்தில் நாலு படி ஒரு வள்ளம். மேடம் கடைசி பெஞ்சில் எலுமிச்சையோடு. நான் சாமையை நான்கு குவியலாக்கி, ஒன்றைக் காட்டி, கரும்பலகையில் மேலே ஒன்று, நடுவே கோடு, கீழே நான்கு என்று போட்டேன். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. நான் எழுதியதுபோல் அது நிற்கவில்லை. குவியல்கள் ஒன்றோடொன்று கலந்தன. பாதி வகுப்பு சாமையைப் பொறுக்க, மீதிப் பாதி வாயில் போட்டு மென்றது.

ரம்யா மட்டும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், வள்ளத்துல நாலுல ஒன்னுன்னா ஒரு படி. அதுக்குத்தான் படின்னு பேரே இருக்குதே. எதுக்கு மேல ஒன்னு, கீழ நாலு, நடுவுல கோடு?"

வேறொரு பையன், "படியிலயும் நாலுல ஒன்னுக்குப் பேரு இருக்குது, ஒழக்கு" என்றான். மேடம் பழத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பி.எட். படிப்பிலோ, தகுதித் தேர்விலோ, அந்தக் காணொளிகளிலோ இந்தக் கேள்விக்கு யாரும் என்னைத் தயார் செய்திருக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பின்னம் ஏற்கெனவே தெரியும். கோடு போட்டு எழுதத்தான் தெரியாது. அந்தக் கோடு எதற்கு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் யோசித்ததில்லை.

வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "சரி, ஒரு படியில மூணுல ஒன்னுக்கு என்ன பேரு?"

ரம்யா வாயைத் திறந்தாள். மூடினாள். விரலை மடக்கினாள். கூரையைப் பார்த்தாள். இரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக ரம்யா பேசாமல் இருந்தாள். பேசாத பிள்ளையைப் பேச வைத்ததாக நான் எழுதிய பாடம், ஓயாமல் பேசும் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டது. மதியச் சாப்பாடு முடியும்வரை அவளிடமிருந்து சத்தம் இல்லை. கை கழுவும்போதுதான் வந்து சொன்னாள்.

"எங்க வூட்டுல அப்படி ஒரு அளவே இல்லை டீச்சர். எந்த வூட்டுலயும் இருக்காது."

மேடம் திரும்பிப் போனதும் தன் தவறையும் சேர்த்து எழுதி முதல்வரிடம் கொடுத்தார். நாற்பத்து மூன்று "மிக நன்று"களும் ரத்தாயின. எல்லாரும் மறுபடி எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. கணக்கு சார் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். மூன்றாம் நாள் திரும்பச் சேர்த்தார். மறுபடி என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லையாம். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. கொய்யாக் கிளை உட்பட எதையும் மறைக்காமல் பதில் எழுதினேன். என்னோடு சேர்ந்தவர்களுக்கெல்லாம் தகுதிகாண் பருவ ஆணை வந்து, இனிப்புக் கொடுத்து, அந்த டப்பாவும் பழசாகிப் போன பிறகுதான் எனக்கு வந்தது. அதுவரை ஒவ்வொரு நாளும் டவர் வளைவில் போனைத் திறந்ததும் ஆணை வந்திருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். அந்தத் தேடலை உங்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மறுமுறை அந்த வெள்ளைக் கட்டத்தில் நான் எழுதியது இது: பாடம் நடத்தினேன், சாமை பறந்தது, பிள்ளைகள் தின்றார்கள், ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இருநூறு சொல் தாராளமாக வந்தது. மேடம் இந்த முறை கடைசிவரை படித்திருக்கிறார். "மூன்றில் ஒன்று என்ன ஆனது?" என்று மட்டும் கீழே எழுதியிருந்தார்.

ரம்யா இப்போது எங்கள் பள்ளியிலேயே எட்டாம் வகுப்பு. அவளும் அதை விடவில்லை. போன வாரம் ஒரு மூங்கில் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று தடவை ஊற்றினால் சரியாக ஒரு படி நிறைய வேண்டும், அந்த மாதிரி ஒரு குழாயை நறுக்கிவிடலாம், எங்கே நறுக்குவது என்பதுதான் பிரச்சினை என்றாள். வரும் திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்பையும் கூட்டிக்கொண்டு நறுக்கப்போகிறோம். அதிகமாக நறுக்கிவிட்டால் வேறு மூங்கில். மலையில் அதற்குப் பஞ்சமில்லை. அந்த அளவைக்கு என்ன பெயர் வைப்பது என்று இப்போதே சண்டை நடக்கிறது. செவ்வந்தி என்று ஒருத்தன் சொல்லிவிட்டு ஓடினான்.

சரியாக வந்தால் இந்த ஆண்டுப் பயிற்சியின் வெள்ளைக் கட்டத்தில் எழுதுவேன். சரியாக வராவிட்டாலும் எழுதுவேன். குழுவிலும் போடுவேன். காப்பியடிப்பதற்கு முன்னால், உங்கள் ஊரில் மூங்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.